கறுப்புப் பிளேட் இன்னும் ஓடவில்லை

எம். புதுப்பட்டி
கார்த்திகை, 2008

அன்புப் பேத்தி ஓவியாவுக்கு, உன் அம்மாச்சி சோலையம்மாள் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நான் திடமாக இருக்கிறேன். உன் அம்மா மாடத்திக்கு இருமல் தேவலை. தீபாவளி சீசன் முடிந்ததால் அவள் போகிற பட்டாசுக் கம்பெனியிலும் வேலை குறைவு. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? சென்னைத் தண்ணீருக்கு முடி கொட்டுவது நின்றதா?

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்பாய். போனில் சொன்னால், "மீட்டிங்ல இருக்கேன் அம்மாச்சி, பெறகு பேசுறேன்" என்று வைத்துவிடுவாய். கடுதாசியை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. நான் படித்த இரண்டாம் வகுப்புக்குக் கொம்பும் காலும் முன்னே பின்னேதான் இருக்கும். திட்டுகிற இடம் மட்டும் தெளிவாக விளங்கும்.

நீ அனுப்பிய டார்ச் வைத்த போன் நன்றாக உழைக்கிறது. கிணற்றடிக் கல்லில் விழுந்து துண்டு துண்டாகப் போனது. பொறுக்கிச் சேர்த்து மாட்டினேன், பேசியது. எதிர்வீட்டு மருமகள் விலை கூடின போன் வாங்கியிருக்கிறாள். படம் எடுக்குமாம், பாட்டுப் பாடுமாம். பொழுது சாய்ந்தால் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கிறது. கரண்ட் வரும்வரை அவள் தன் ஆத்தாளோடு பேசுவது என் போனில்தான்.

வாரா வாரம் பத்திரிகையில் உன் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறேன். காசு கொடுக்காமல் தமிழில் டைப் அடிக்கிற சாப்ட்வேரைப் பற்றி எழுதினாயே, சிவகாசியில் உன் மாமன் பாண்டி வேலை பார்க்கிற பிரஸ்ஸில் பில் போடும் கம்ப்யூட்டருக்கு அதைத்தான் ஏற்றியிருக்கிறார்கள். பென் டிரைவைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்துக் காயப்போட்டு, வேலை செய்கிறதா என்று பார்த்தல்லவா எழுதினாய்! வேறு யாருக்கு அது தோன்றும்?

கீழே விழுந்தால் என்ன ஆகும், கரண்ட் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும், ரிப்பேர் பார்க்கச் சாத்தூரில் ஆள் உண்டா? எந்தச் சாமானைப் பற்றி எழுதினாலும் இதைக் கேட்காமல் நீ விடுவதில்லை. இதெல்லாம் குக்கர் வாங்கப் போனபோது கடைக்காரனை நான் அறுத்த கேள்விகள். "போதும் வா அம்மாச்சி, மானம் போகுது" என்று நீ என் முந்தானையை இழுத்தாய். எனக்கு மறக்கவில்லை.

அப்படி எழுதின பக்கத்தின் அடியில் லட்சுமிகாந்தம் என்று போட்டிருக்கிறது. அவன் எந்தக் கடையில் குக்கர் வாங்கினான்? ஆம்பளைப் பேர் இருந்தால்தான் இந்தச் சமாச்சாரத்தை நம்புவார்கள் என்று பத்திரிகை ஆசிரியர் சொல்ல, நீயும் தலையாட்டிவிட்டு, வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாய். நானும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

போன வாரம் ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்க ஊர்க்காவலனின் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். பன்னிரண்டாவது லீவில் நீ பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டே கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்பட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அவனிடம் போனாய். விரலில் ஒட்டின அலுமினியப் பொடியைப் பார்த்துவிட்டு, "இந்தக் கைய வச்சுக்கிட்டா கீபோர்டத் தொடப்போற? போயி வெடிக்குக் குழாய் உருட்டு, போ" என்றானே, அந்த ஊர்க்காவலன்தான். அன்றைக்கு அவன் போட்டிருந்த சட்டையின் நிறம்கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாடாமல்லி.

அவன் கடைச் சுவர் முழுக்க உன் பக்கத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறான். "லட்சுமிகாந்தம் சார் எழுதுறதப் படிச்சிருக்கீகளா ஆச்சி? அம்புட்டும் நம்ம ஊருக்குன்னே எழுதுன மாதிரி இருக்கும். என்ன இருந்தாலும் படிச்ச ஆம்பள ஆம்பளதான்" என்கிறான். நான், "ஆமாய்யா, அவருக்குக் கை ரொம்பச் சுத்தமா இருக்கும்போல" என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. சத்தியம் தடுத்ததால் அதோடு எழுந்து வந்துவிட்டேன்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. நீ எழுதினதெல்லாம் புத்தகமாக வருகிறதாம். அட்டை பாண்டியின் பிரஸ்ஸில்தான் அச்சாகிறது. நேற்று ஒரு தாள் கொண்டுவந்து காட்டினான். ஒரு நிறத்துக்கு ஒரு பிளேட்டை மெஷினில் ஏற்றி ஓட்டுவார்களாம்; மஞ்சள், சிவப்பு, நீலம் எல்லாம் ஓடிவிட்டது. எழுத்தெல்லாம் கறுப்பில், அது கடைசியாக ஓடுமாம். எழுத்தே இல்லாத அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எழுதினவர் பேரை உன் இஷ்டத்துக்கு விட்டுவிட்டாராமே ஆசிரியர்! நீதான், "லட்சுமிகாந்தம்னே இருக்கட்டும்" என்றாயாம். ஏன்டி?

பொம்பளைக்கு என்ன தெரியும் என்று சண்டைக்கு வருவார்கள் என்ற பயமா? வரட்டும். வருகிறவன் பேரையெல்லாம் எனக்கு எழுதி அனுப்பு. ஒருத்தனையும் மறக்காமல் நான் வைத்துக்கொள்கிறேன்.

தீப்பெட்டிக் கம்பெனியில் முடி நரைக்கிறவரைக்கும் வேலை பார்த்தேன். அங்கே என்னைச் "செல்லச்சாமி சம்சாரம்" என்றுதான் கூப்பிட்டார்கள். உன் தாத்தா அந்தக் கம்பெனி வாசலை ஒரு நாள்கூட மிதித்ததில்லை. நான் அடுக்கின பெட்டிக்கெல்லாம் அவர் பேர். அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை. உனக்கோ நீ கேட்காமலே கொடுக்கிறேன் என்கிறார்கள்.

பிரஸ் முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டுத் திங்கட்கிழமை வரை கறுப்புப் பிளேட்டை ஏற்றாமல் நிறுத்திவைத்திருக்கிறான் பாண்டி. இந்தக் கடுதாசியைக் கூரியரில் அவன்தான் போடுகிறான். படித்து முடித்ததும் ஆசிரியருக்கு ஒரு போன் போடு. ஓவியா என்று போடச் சொல். சின்னப் பேர்தான், பெரிய எழுத்தில் போட இடம் இருக்கிறது, நான் பார்த்தேன்.

நீ மாட்டேன் என்றாலும் உன்னோடு பேசாமல் இருந்துவிட மாட்டேன். அந்த லட்சுமிகாந்தத்தோடு மட்டும் சாகும்வரை பேச மாட்டேன்.

நோய் நொடி இல்லாமல் நூறு வருசம் நல்லா இரு ஆத்தா. உன் பேர் அதற்கு மேலேயும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
சோலையம்மாள்