இரட்டைப் பின்னல்

என்னங்க,

அடுத்த மாதம் நான் பாரிஸ் வந்து சேர நீங்கள் எடுத்த ஒருவழி டிக்கெட் கிடைத்தது. ஜன்னலோர சீட்டாகப் பார்த்துப் போட்டிருக்கிறீர்கள். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

எல்.கே.ஜி.க்கு கிளாட்வின் என்று சாரம் பகுதிப் பையன் ஒருவனை வேலைக்கு எடுத்தேன் என்றேனே. நான் தலைமை ஆசிரியை ஆன பிறகு மட்டுமல்ல, எங்கள் பள்ளியிலேயே சின்ன வகுப்புக்கு வந்த முதல் ஆண் அவன்தான். பிள்ளைகள் அவனையும் "மிஸ்" என்றே கூப்பிடுகிறார்கள். அவனும் "என்னடா கண்ணு" என்று திரும்புகிறான்.

நேற்று பெற்றோர் கூட்டமாக வந்துவிட்டார்கள். "சின்னப் புள்ளைங்கள ஆம்பள கையில எப்படி மேடம் வுடறது?"

கதவு திறந்தே இருக்கும், ஆயாம்மா வெரோனிகா வகுப்பிலேயே இருப்பார் என்றேன். யாரும் இறங்கி வரவில்லை. கடைசியில் உங்களைச் சொன்னேன். நான் பி.எட். படித்த வருஷம் நம் ஜாஸ்லினுக்குத் தினமும் இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியது அவள் அப்பாதான், வகிடு மட்டும் கோணல் என்றேன். சிரித்துவிட்டார்கள்.

"நீங்க கூட இருந்தா, இந்த ஒரு வருஷம் பாப்போம் மேடம்" என்றார் ஒரு அம்மா.

வாசலில் நின்ற கிளாட்வின் என்னையே பார்த்தான். "நான் எங்க போறேன்?" என்றேன். உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டது அப்புறம்தான் உறைத்தது.

கோபப்படாதீர்கள். ஆண்டு விழாவுக்கு நீங்கள் இங்கே வாருங்கள். அத்தனை பெண் பிள்ளைகளுக்கும் பின்னல் போட இன்னொரு ஆள் வேண்டுமாம் கிளாட்வினுக்கு. வகிடு கோணலானாலும் பரவாயில்லை என்கிறான்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி