பரம்பரை இல்லாத கிளப்பு

ஞாயிறு, ராத்திரி.

எதுக்கு அந்த வார்த்தையைச் சொன்னேன்?

டீக்கடையில நானும் சேகரும் எப்பவும் போல ஃபுட்பால் சண்டைதான் போட்டுகினு இருந்தோம். அவன் கொண்டாடுற கிளப்பு நாலஞ்சு வருஷமா கோப்பையா வாங்கிக் குவிக்குது. என் கிளப்பு கடைசியா ஜெயிச்சப்போ எனக்கு மீசைகூட முளைக்கல. அந்த வயித்தெரிச்சல்ல கத்திட்டேன்.

"நேத்து காசு பார்த்துட்டு ஆடாதீங்கடா. உங்களுக்கெல்லாம் பரம்பரைன்னா என்னான்னு தெரியுமா?"

சேகர் டீ கிளாஸைக் கீழ வெச்சான். "உங்களுக்குன்னா, யாருக்குடா?"

கிளப்பைத்தான் சொன்னேன்னு சொல்லியிருக்கலாம். அவன் வண்டியை எடுத்துகினு போயிட்டான். போன் பண்ணா எடுக்கல.

அது எங்க அப்பாவோட பேச்சு. சேகருக்கு தாலுகா ஆபீஸ்ல வேலை கிடைச்ச அன்னிக்கு, எங்க வாசல்ல நின்னுகினு இதையேதான் சொன்னாரு. எங்ககிட்ட கூலிக்கு இருந்த சேகரோட அப்பா அப்போ தெருவுல இழுத்துக் கட்டின எங்க தறியோட பட்டு நூல் பாவுக்குக் கஞ்சி போட்டுகினு இருந்தாரு. எல்லாம் காதுல விழுந்திருக்கும். தலை நிமிராம நூலை நீவிகினே இருந்தாரு.

நான் எங்க அப்பா பக்கத்துல நின்னு சிரிச்சேன்.