பார்க்கலாம் என்று பதில் போடும் டீச்சர்

ஜூன் 10, செவ்வாய்

கிள்ளானிலிருந்து சென்ட்ரல் வரும் ரயிலில் பதினான்கு விளம்பரப் பதிவுகளைத் திருத்தினேன். பாதி வழியில் கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸ் படியேறினால் டீனா, கால்வின், யுகேந்திரன் மூவரும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். "மிச்சத்த நீங்க பாத்து அனுப்பலையே டீச்சர்," என்றாள் டீனா. அவள் படம் வரைகிறவள். கால்வின் வீடியோ. யுகேந்திரன் விளம்பரம் யார் கண்ணில் பட வேண்டும் என்று பார்ப்பவன். மூவருக்கும் வேலை தெரியும். ஆனாலும் என் கண் படாமல் ஒரு வரி வெளியே போவதில்லை.

ஒரு பூக்கடைக்கு முகநூலில் எழுதிக் கொடுக்கத் தொடங்கி, ஓய்வுக்குப் பின் ஆறு வருடத்தில் பதினோரு கடைகள் ஆகிவிட்டன. பன்னிரண்டாவதாக ஒரு நகைக்கடை வந்தது. வேண்டாம் என்றுவிட்டேன். படித்துத் திருத்த எனக்கு நேரமில்லை. ஒரு வகுப்பின் நாற்பது நோட்டை ஒருத்தி திருத்தலாம். முழுப் பள்ளிக்கூடத்தின் நோட்டையும் அவளே திருத்தினால்? மணி அடித்த பிறகும் பாதி நோட்டு மேசையிலேயே கிடக்கும்.

ஜூன் 12, வியாழன்

கன்னையா வந்திருந்தார். ஐந்து இடத்தில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். ஐந்தின் விளம்பரத்தையும் எங்களிடம் கொடுக்க யோசிக்கிறாராம். இது கிடைத்தால் இன்னும் இரண்டு பேரை வேலைக்கு எடுக்கலாம்.

டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார்: "டீச்சர், நீங்க ஒரு மாசம் இந்தியா போயிட்டா இங்க என்ன நடக்கும்?"

"நான் போக மாட்டேன்," என்றேன்.

"அதான் எனக்குப் பயமா இருக்கு லா. முன்ன வச்சிருந்த ஆளும் உங்கள மாதிரிதான். எல்லாம் அவர் கைல. தீபாவளி நேரத்துல ஆஸ்பத்திரில படுத்துட்டாரு. என் பேஜும் கூடவே படுத்துருச்சு."

நிபந்தனை இதுதான். நான்கு வாரம் மேரு கிளைக்கு மட்டும் செய்து காட்ட வேண்டும். நான் எழுதக் கூடாது, திருத்தக் கூடாது. ஆபீஸ் பிள்ளைகள் கேட்டால் பதில் மட்டும் சொல்லலாம். சரி என்றேன்.

ஜூன் 16, திங்கள்

முதல் நாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் நான்கு முறை கேட்க வேண்டும் போலிருந்தது.

ஜூன் 19, வியாழன்

பல் மருத்துவரிடம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தபோது மூன்று செய்திகள். மேரு கிளைக்கு ஆளுக்கு ஒரு பதிவு தயார் செய்து, "போடலாமா டீச்சர்?" என்று கேட்டிருந்தார்கள். மூவருக்கும் ஒரே பதில் அனுப்பினேன்: பார்க்கலாம்.

ஜூன் 22, ஞாயிறு

கோவிலுக்குப் புடவை கட்டிக்கொண்டிருக்கும்போது கன்னையாவின் அழைப்பு.

"டீச்சர், மேருல பூட்டுன கதவு முன்னாடி இருபது பேரு நிக்குறாங்க. காலைல ஏழு மணிக்குப் பசியாற வந்தா பிள்ளைங்களுக்குத் தோசை ஃப்ரீன்னு யாரு போட்டது? ஞாயித்துக்கிழமை அந்தக் கடை பத்து மணிக்குத்தான் தொறக்கும்."

கால்வின் போட்டது. நான் பார்க்கலாம் என்றேனே, போடு என்றா சொன்னேன்? ஐயோ, என்னத்தச் சொல்றது. ஒரு வாரத்தில எல்லாம் போச்சு.

ஜூன் 23, திங்கள்

கோபத்தோடுதான் ஆபீஸ் போனேன். கோபம் அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

"பாக்கலாம்னா ஓகேன்னுதானே அர்த்தம்? ஜனங்க பாக்கலாம்," என்றான் கால்வின், நிஜமாகவே.

"நீங்க பாத்துட்டுச் சொல்வீங்கன்னு நான் இன்னும் காத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள் டீனா. வியாழக்கிழமை பாசார் மாலாம் இரவுச் சந்தைக் கூட்டத்துக்கான பதிவு அவளுடையது. சந்தை முடிந்து நான்கு நாள் ஆகிவிட்டது.

யுகேந்திரனைப் பார்த்தேன். "நான் டிலீட் பண்ணிட்டேன்."

"ஏன்?"

"எங்க வீட்ல அப்பா பாக்கலாம்னு சொன்னா, அது இல்லன்னு அர்த்தம் டீச்சர்."

முப்பத்தொரு வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரே சொல்லுக்கு மூன்று பொருள் வைத்து எழுதியிருக்கிறேன். முதலில் சிரித்தது நான்தான். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை.

சிரித்து முடித்ததும் டீனா சொன்னாள்: "நாங்க உங்களக் கேக்குறதே தப்பு டீச்சர். நீங்க எதெல்லாம் பாப்பீங்களோ அத எழுதிக் குடுங்க. ஒருத்தர் செஞ்சத இன்னொருத்தர் பாத்துப் பேர் போடுறோம்."

நாலு பக்கமாவது வரும் என்று உட்கார்ந்தேன். பதினோரு வரிதான் வந்தது. ஒற்று, ஒருமை பன்மை, நீளமான வாக்கியம், இப்படி. இதற்காகவா ஆறு வருடம் எல்லாரையும் காக்க வைத்தேன்?

இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பதினோரு வரியில் கடை திறக்கும் நேரம் இல்லை. கால்வினின் பதிவை நான் பார்த்திருந்தால் ஓர் ஒற்றெழுத்தைச் சேர்த்து அனுப்பியிருப்பேன். இருபது பேரும் அப்போதும் பூட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். பன்னிரண்டாவது வரியைக் கால்வின் எழுதினான்: கிளைக்கு ஃபோன் போட்டு நேரம், நாள், சலுகை கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

கன்னையா கூப்பிடவில்லை.

ஜூன் 26, வியாழன்

கூப்பிட்டார். "நிப்பாட்டிடலாம்னுதான் இருந்தேன் டீச்சர். ஆனா அந்த கால்வின் ஞாயித்துக்கிழமை காப்பார் வீட்டுலேர்ந்து மோட்டார்ல பறந்து வந்திருக்கான். நின்ன எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டு, அடுத்த ஞாயிறு தோசை உண்டுன்னு சொல்லிப் பேர் எழுதி வாங்கியிருக்கான். வர்ற ஞாயிறு ஏழு மணிக்கே கடையத் தொறக்கச் சொல்லிட்டேன். உங்க பிள்ளைங்க சொன்னத நான் காப்பாத்தணும்ல."

கால்வின் என்னிடம் இதைச் சொல்லவே இல்லை.

ஜூலை 2, புதன்

இன்று ஒரு பதிவும் பார்க்கவில்லை. வீட்டில் என் கணவர் எழுதிய மளிகைப் பட்டியலைத் திருத்தினேன். "கொத்தமல்லிக்கு மார்க் எவ்வளவு?" என்று கேட்டார்.

ஜூலை 8, செவ்வாய்

மேரு பக்கத்தில் 'தோசை கல்' என்று இருந்தது. ஒற்று இல்லை. மூன்று முறை கைப்பேசியை எடுத்து மூன்று முறை வைத்தேன். பத்து நிமிடத்தில் 'தோசைக்கல்' ஆகிவிட்டது, கீழே யுகேந்திரனின் பெயரோடு. அதைப் பார்த்ததும் இன்னொரு டீ போட்டுக் குடித்தேன்.

ஜூலை 14, திங்கள்

நான்கு வாரம் நேற்றோடு முடிந்தது. கன்னையா ஆபீஸுக்கு வந்து அந்தப் பன்னிரண்டு வரித் தாளை வாசித்தார். "நாளைக்கு ஃபோன் போடுறேன்," என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

டீனாவுக்குத்தான் போட்டார். ஐந்து கிளையையும் எங்களிடமே கொடுத்துவிட்டாராம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டீனா புதிதாக இரண்டு பேரை நேர்காணல் செய்கிறாள். நான் அறையில் இருந்தால் அவர்கள் என்னைப் பார்த்தே பதில் சொல்கிறார்களாம். வெளியே போகச் சொல்லிவிட்டாள். பங்சார் வரை நடந்து, கன்னையாவின் கடையில் சாப்பிட்டேன். கல்லாவில் இருந்த பெண் வாசலில் உள்ள விளம்பரப் பலகையைக் காட்டி, "அக்கா, எங்க பேஜ ஃபாலோ பண்ணுங்க. வாராவாரம் புதுசா போடுவாங்க," என்றாள்.

"நல்லா இருக்கே. யாரு செய்யறது?" சும்மாதான் கேட்டேன்.

"பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கம்பெனி, அக்கா. டீனான்னு ஒருத்தங்க நடத்துறாங்க. ஃபோன் போட்டா உடனே எடுப்பாங்க. நீங்க ஏதும் கடை வச்சிருக்கீங்களா? நம்பர் வேணுமா?"

"குடும்மா," என்றேன்.

ரசீதின் பின்னால் எழுதிக் கொடுத்தாள்.