தாழ்ந்த மேகத்துக்கு ஒரு விதி

ஜூன் 6

அன்புள்ள சிட்டு,

உன்னிடம் போனில் எதுவும் பேச முடியவில்லை. நீ கூப்பிட்டதும் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். என் முறை வரும்போது பக்கத்தில் நின்று என் முகத்தைப் படிக்கிறாள். மெசேஜ் அனுப்பினால் அதையும் எடுத்துப் பார்க்கிறாள். மேகம், ஆபத்து என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அதனால்தான் ஆபீஸிலிருந்து கடிதம். நீயும் ஆபீஸ் முகவரிக்கே எழுது.

என் வேலை என்னவென்று கேட்டால் அம்மா அக்கம்பக்கத்தில் "ஆகாயத்துக்கு வேலி போடுறா" என்கிறாளாம். தப்பில்லை. வரும் இருபது வருஷத்துக்கு விமானங்கள் எந்தெந்த அலைவரிசையில் பேசும், எதில் வழி பார்க்கும் என்று திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போது அந்த வேலியில்தான் தகராறு.

உன் ஹெலிகாப்டர் வயிற்றில் உயரமானி இருக்கிறதே, கீழே ரேடியோ அலையை அனுப்பி, அது தரையில் பட்டுத் திரும்புவதை வைத்துத் தரை எவ்வளவு தூரம் என்று சொல்கிற கருவி, அதற்குப் பக்கத்து அலைவரிசையைச் செல்போன் கம்பெனிக்குக் கொடுக்கப் போகிறார்கள். புது டவர்களெல்லாம் அதில்தான் பேசும். பக்கத்து வீட்டில் ஸ்பீக்கர் கட்டினால் நம் வீட்டுப் பேச்சு நமக்கே கேட்காது இல்லையா? புது விமானங்கள் காதைப் பொத்திக்கொள்ளும். உன்னுடையது பழசு, அதற்கு அந்த வித்தை தெரியாது.

நேற்றைய கூட்டத்தில் கம்பெனிக்காரர் சொன்னார்: "மேடம், நாங்க எங்க வீட்டுக்குள்ளதான் பேசுறோம். உங்க சுவர்ல ஓட்டை இருந்தா நாங்க என்ன பண்றது?" அவர் சொன்னதில் பாதி நிஜம். அதுதான் எரிச்சல்.

மேகம் இறங்கிக் கிடக்கும் நாளில் எத்தனை தடவை பறக்கிறாய்? ஒளிக்காமல் எழுது.

அன்புடன்,
அக்கா

•

ஜூன் 19

அன்பு அக்காவுக்கு,

ஆஸ்பத்திரி முகவரிக்கு உறை போட்ட கடிதம் வந்ததும் நர்ஸம்மா "பொண்ணு பாத்தாச்சா?" என்று கேட்டு ஊரைக் கூட்டிவிட்டாள். அடுத்த தடவை உறைமேல் "அக்கா" என்று பெரிதாக எழுது.

மழைக்காலத்தில் பாதி நாள் மேகம்தான். மலைமேல் இருக்கும் மேல் ஊருக்கு ரோடு மண் சரிந்து போனால் நான்தான் ரோடு. அங்கே இறங்குகிற இடம் பள்ளிக்கூட மைதானம். மைதானத்துக்கு ராணி அந்த ஊர் டீச்சர். சத்தம் கேட்டதும் பிள்ளைகளை வகுப்புக்குள் அடைத்து, ஆடு மாடுகளை விரட்டி, நாலு மூலையிலும் ஆரஞ்சுத் துணி போட்டுக் கல் வைத்துவிடுவார். நோயாளியை ஏற்றும் இடைவெளியில் என் கையில் டீ வந்துவிடும். வேண்டாம் என்றால் "ஓட்டுறவருக்குத் தெம்பு வேணாமா, பைலட் தம்பி?" என்று அதட்டல்.

உனக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன். டவர் வேண்டுமென்று மேல் ஊரில் மனு எழுதினதே டீச்சர்தான். வெளிநாட்டில் இருக்கிற மகளிடம் பேச அவர் தண்ணித் தொட்டிமேல் ஏறி நிற்கிறார். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் ஒரு ஆள் மலை இறங்கி வந்து சொன்னால்தான் எனக்கே தெரியும். மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன். உன் கட்சிக்கு எதிர்க்கட்சி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அம்மாவின் முட்டி எப்படி?

சிட்டு

•

செப்டம்பர் 2

அன்புள்ள சிட்டு,

தோற்றுப்போனேன். மேல் ஊர் டவருக்கு உத்தரவு வந்துவிட்டது. உன் கையெழுத்து வேலை செய்துவிட்டது என்று வைத்துக்கொள்.

டவரே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. மைதானத்துக்கு மேலே வைக்காமல் மலையின் அந்தப் பக்கம் வையுங்கள் என்றேன். அங்கே கரண்டு இழுக்கச் செலவாம். டவரின் சத்தத்தை, அதாவது அலையின் வலுவை, குறையுங்கள் என்றேன். குறைத்தால் பள்ளத்து வீடுகளுக்கு எட்டாதாம். எல்லோரும் என்னைப் பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

என்னால் வாங்க முடிந்தது ஒரே ஒரு விதி. உன் மாதிரிப் பழைய கருவி உள்ளவர்கள், மேகம் தாழ்ந்து தரை தெரியாத நேரத்தில், டவரைச் சுற்றிய வட்டத்துக்குள் இறங்கக் கூடாது. அதன் வாசகத்தை எழுதியது நான்தான். உன்னை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன்.

பக்கத்து அலையை உள்ளே விடாமல் தடுக்கிற வடிகட்டி வைத்த புதுக் கருவிகள் வரும். முதலில் பெரிய விமானங்கள், பிறகு சின்னவை, கடைசியில் ஹெலிகாப்டர்கள். திட்டப்படி உன் முறை வர ஏழெட்டு வருஷம் ஆகும். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள். அம்மாவுக்கு முட்டி பரவாயில்லை. நீ இளைத்துவிட்டாய் என்று போட்டோவைப் பார்த்துத் தினமும் ஒரு பாட்டம் புலம்புகிறாள்.

அக்கா

•

ஜூலை 11

அக்கா,

டவர் வந்தபோதே எழுதியிருக்க வேண்டும். திறந்த அன்று டீச்சர் வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மகளிடம் பேசினார். அடுத்த போன் எனக்குத்தான். "பைலட் தம்பி, கேக்குதா? பக்கத்துல இருந்து பேசுற மாதிரி இல்ல?" என்று ஒரே சிரிப்பு.

போன செவ்வாய் காலை அவரே கூப்பிட்டார். குரல் அதே தெளிவு.

"தம்பி, நெஞ்சை அடைக்குது. இடது கை மரத்துப்போச்சு. வர்றீங்களா?"

நான் வெளியே ஓடிப் பார்த்தேன். மலையில் பாதிக்கு மேல் தெரியவில்லை, ஒரே வெள்ளை. "மேகம் இறங்கியிருக்கு டீச்சர். கொஞ்சம் விலகட்டும், வந்துடறேன்" என்றேன்.

"சரிப்பா. அவசரமில்ல" என்றார்.

அவசரமில்லை என்று எனக்காகச் சொன்னார் அக்கா. டாக்டர் போனிலேயே மாத்திரை சொன்னார். ஜீப்பை அனுப்பினோம், மண்சரிவுக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டது. ஆட்கள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் ஹெலிகாப்டருக்குள் பெல்ட் போட்டு, மேலே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் மேகம் விலகியது. அதற்குள் டீச்சரின் மூச்சு நின்று, கட்டிலைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டார்கள்.

டவர் இல்லாத காலமாக இருந்தால் சேதியே தாமதமாகத்தான் வந்திருக்கும். ஆனால் வந்திருந்தால் நான் போயிருப்பேன். அந்த மேகத்தில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

உன்மேல் கோபமில்லை. எழுதிவிட்டு இந்த வரியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிஜமா பொய்யா என்று தெரியவில்லை.

சிட்டு

•

ஜூலை 18

என் சிட்டு,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். அதன்பிறகு கூட்டத்தில் போய் உட்கார்ந்து, பத்து வருஷம் கழித்து வரப்போகிற டிரோன்களுக்கு எந்த அலைவரிசை என்று பேசினேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவது போலிருந்தது.

மேல் ஊருக்கு மட்டும் வடிகட்டியை முன்னால் கொடுங்கள் என்று இயக்குநரிடம் கேட்டேன். "ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்கம்மா" என்றார். கருவி செய்கிறவர்களிடம் கேட்டேன். உன் மாடலுக்கு வடிகட்டியே இன்னும் செய்யவில்லையாம். மேகம் இறங்கினால் டவரைக் கொஞ்ச நேரம் அணைத்து வைக்க முடியுமா என்று கம்பெனியைக் கேட்டேன். "அந்த நேரத்துல யாராவது ஆம்புலன்ஸுக்கு போன் பண்ணினா, மேடம்?" என்கிறார்கள்.

என்மேல் கோபப்படு. பரவாயில்லை. பறக்காதே.

அக்கா

•

செப்டம்பர் 9

அக்கா,

பறந்தேன்.

மேல் ஊரில் ஒரு பெண்ணுக்குத் தலைப்பிரசவம், குழந்தை குறுக்கே கிடந்தது. ரத்தம் நிற்கவில்லை. அவள் புருஷன் போனில் அழுதான். மேகம் அன்றைக்கு மாதிரியேதான் இருந்தது. நர்ஸம்மா ஏறி உட்கார்ந்தாள்.

இறங்கும்போது கருவி நல்ல உயரம் காட்டியது. திடீரென்று நர்ஸம்மா கதவுப் பக்கமிருந்து "கூரை! கூரை!" என்று கத்தினாள். தூக்கி, நகர்த்தி, மைதானத்தில் வைத்தேன். அவளுக்கு எப்போதும் பயம் அதிகம்.

தாயும் பிள்ளையும் நலம். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியே இனிப்பு சாப்பிட்டது. விதியை மீறினேன் என்று மேலே புகார் போயிருக்கிறது, போகட்டும். ஒன்றும் ஆகவில்லை, பார்த்தாயா? இதை டீச்சருக்கும் செய்திருக்கலாம்.

சிட்டு

•

செப்டம்பர் 27

சிட்டு,

அந்தப் புகார் என் மேஜைக்கு வந்திருக்கிறது. கருவியை டவர் பாதித்ததா இல்லையா என்று கருத்துச் சொல்ல வேண்டிய ஆள் நான். உறவு என்று சொல்லி ஒதுங்கப் பார்த்தேன். இந்த விஷயம் தெரிந்த வேறு ஆள் துறையில் இல்லை, உறவைக் குறிப்பிட்டுவிட்டு எழுது என்கிறார்கள்.

ஹெலிகாப்டரின் பதிவைப் பார்த்தேன். மற்றக் கருவிகளோடு ஒப்பிட்டு, திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். உன் உயரமானி எழுபது மீட்டர் காட்டிய நேரத்தில், உனக்கும் பள்ளிக்கூடக் கூரைக்கும் நடுவே ஒரு தென்னை உயரம்கூட இல்லை. நர்ஸம்மாவுக்குப் பயம் அதிகம் என்று எழுதினாயே. அவள் கத்தியிருக்காவிட்டால் இந்தக் கடிதத்தை நான் யாருக்கு எழுதுவேன்?

அது வகுப்பு நேரம். கூரைக்குக் கீழே பிள்ளைகள் இருந்தார்கள்.

இதை நான் எழுதினால் உன் லைசென்ஸ் போய்விடும். என்ன செய்யட்டும், சொல்.

அக்கா

•

அக்டோபர் 4

அக்கா,

பதிவை நம்பாமல் நர்ஸம்மாவிடம் கேட்டேன். "ஓடு எண்ணற தூரத்துல இருந்துச்சு தம்பி" என்றாள். அன்றிலிருந்து ஒழுங்காகத் தூங்கவில்லை.

இருந்தாலும் கேட்கிறேன். கருவி சரியாக இருந்தது என்று ஒரே ஒரு வரி எழுதிவிடு. இனிமேல் மேகத்தில் போகமாட்டேன், அம்மாமேல் சத்தியம். என்னைத் தரையில் உட்காரவைத்தால் வெயில் நாளில்கூட மேல் ஊருக்குப் போக ஆள் கிடையாது. இந்தச் சம்பளத்துக்கு இங்கே வேறு எந்தப் பைலட்டும் வரமாட்டான். இது எனக்காக இல்லை, அக்கா.

சிட்டு

•

டிசம்பர் 1

என் சிட்டு,

நான் அதற்குப் பிறகு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. போனையும் எடுப்பதில்லை. நர்ஸம்மாதான் உன்னைப் பற்றிச் சொல்கிறாள். கொட்டகையில் நிற்கும் ஹெலிகாப்டரைத் துடைத்துவிட்டுப் போகிறாயாம்.

உள்ளதை உள்ளபடி எழுதினேன், உன் லைசென்ஸ் போனது. ஏன் என்று முன்பே இரண்டு கடிதங்களில் விளக்கிவிட்டேன், இனி விளக்கவில்லை. "சரியாக இருந்தது" என்று நான் எழுதியிருந்தால், அந்த வரியைக் காட்டி இன்னும் எத்தனை மைதானத்துக்கு மேல் டவர் வைத்திருப்பார்களோ. அப்படி நினைத்துத்தான் எழுதினேன். உன் பதிவை வைத்தாவது வடிகட்டிகளை முன்னால் கொண்டுவரலாம் என்றும் நினைத்தேன்.

நேற்று அதற்கான கூட்டம் நடந்தது. எல்லோரும் உன் பதிவைப் பார்த்தார்கள். கம்பெனிக்காரர்கூட இந்தத் தடவை சுவர், ஓட்டை என்று பேசவில்லை. கடைசியில் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்: ஒரு சம்பவம் போதாது, இன்னும் சான்று வேண்டும். இன்னொன்று எப்படி இருக்கும் என்று தெரிந்துதான் கேட்கிறார்களா என்று அவர்கள் முகங்களைப் பார்த்தேன். நல்ல மனிதர்கள்தான். எல்லோருக்கும் பசி நேரம். திட்டம் ஒரு வரிகூட மாறாமல் ஒப்புதலாகிவிட்டது. திட்டப் புத்தகத்தின் அட்டை உட்பக்கத்தில் என் பெயரும் இருக்கிறது.

உன் இடத்துக்கு ஆள் கேட்டு மூன்று தடவை விளம்பரம் போட்டும் யாரும் வரவில்லை என்று அறிந்தேன். நீ சொன்னது சரி. நான் எழுதியதும் சரி. இரண்டும் சரியாக இருந்து, மேல் ஊருக்கு ஹெலிகாப்டர் இல்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. "அவன் சாப்பிடறானா?" என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் கிளம்புகிறேன். உன்னைச் சமாதானப்படுத்த என்னிடம் ஒன்றும் இல்லை. நீ கதவைத் திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பேன். திறந்தால் சமைக்கிறேன். பேச வேண்டாம், ஒரு வாய் சாப்பிடு.

அக்கா