அடைத்த பன்னிரண்டு துளைகள்

அக்டோபர் 14, செவ்வாய்

குன்னூரில் காலையிலிருந்து மூடுபனி. துவைத்த சட்டை மூன்றாம் நாளாக ஈரம். செய்ய வேண்டியவை: ரெசார்ட்டின் இரண்டாவது கட்டடத்துக்கு இடம் அளப்பது. ஷூ லேஸ். அம்மாவுக்கு முட்டிவலித் தைலம்.

என் பெயர் போட்ட ரப்பர் முத்திரை வந்து மூன்று மாதம். பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர். தேயிலைத் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவளுக்கு இதுவே அதிகம் என்று ஆபீஸில் நினைப்பு. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

அக்டோபர் 15, புதன்

மழை. பஸ் முக்கால் மணி லேட். ரெசார்ட்டுக்குக் கீழே லைனில் புஷ்பம் அக்கா டீ கொடுத்தார். அம்மாவோடு கொழுந்து எடுத்தவர். மொத்தம் ஆறு வீடு. பின்னால், மேலே உள்ள ரெசார்ட்டின் மண்ணைத் தாங்கிக்கொண்டு என் சுவர். பதினான்கு அடி. நான் வரைந்த முதல் தடுப்புச் சுவர்.

"ஒன் செவுத்தால புண்ணியம் புள்ள. இத்தன மழைக்கும் நம்ம லயத்து வாசல்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

டீயை வைத்துவிட்டு எழுந்தேன். தண்ணீர் வந்திருக்க வேண்டும். மண்ணில் இறங்கும் மழை சுவருக்குப் பின்னால் தேங்காமல் வெளியேற, இரண்டு வரிசையில் பன்னிரண்டு துளைகள் வரைந்திருந்தேன். போய்ப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. வழவழ வெள்ளை. ரோட்டு வளைவிலிருந்து தெரிகிற அளவில் ரெசார்ட்டின் பெயர். 'ர'வுக்குக் கீழே முடியளவு விரிசல்.

மேனேஜர் குடையோடு வந்தார். "செவப்புத் தண்ணி எழுத்து மேல ஒழுகுதுங்க மேடம். பேரே அழுகற மாதிரி இருக்குதுன்னு ஓனர் சொன்னாருங்க. அதான் சிமெண்ட் வெச்சு அடைச்சுப்போட்டமுங்க."

பேர் அழக்கூடாதாம். கீழே ஆறு குடும்பம் தூங்குகிறது.

விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு வந்தேன். சுவர் அசைந்தால் அது உடையும்.

அக்டோபர் 16, வியாழன்

மழை விடவில்லை. அவர்களைத் திட்டுவதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன். சுவர் சரி என்ற சான்றில் கையெழுத்து என்னுடையது. ஜூலையில், பஸ் ஓடாத ஒரு நாளில், மேனேஜர் அனுப்பிய வாட்ஸாப் போட்டோவைப் பார்த்துப் போட்டது. அதிலும் துளை இல்லை, நான் எண்ணிப் பார்க்கவில்லை. "சூப்பர்" என்று பதில் வேறு. முத்திரையை முதன்முதலில் குத்தியது அதில்தான்.

ஆபீஸில் சாரிடம் சொன்னேன்.

"உன் தப்ப நீயே எழுதிக் குடுத்தா பதிவு போயிரும்மா. மழை நிக்கட்டும், பேசிக்கலாம்."

"அதுவரைக்கும் சுவர் நிக்குமா சார்?"

டீ குடிக்கப் போய்விட்டார்.

நான்கு முறை கிழித்து, ஐந்தாவதில் மூன்றே வரி. நேரில் பார்க்காமல் கையெழுத்திட்டேன். சான்றைத் திரும்பப் பெறுகிறேன். கீழே உள்ள வீடுகளுக்கு ஆபத்து. ஓனருக்கு ஒன்று, பஞ்சாயத்து ஆபீஸுக்கு ஒன்று. முத்திரை கோணலாக விழுந்தது.

மதியம் லைனுக்கு.

"செவுரு விழுமா?"

"தெரியலக்கா. ரெண்டு நாள் பிள்ளைங்க கிரீச்ல போய் இருங்க. எஸ்டேட்ல சாவி வாங்கிட்டேன்."

"நீதான வரைஞ்ச?"

"நான்தான்."

புஷ்பம் அக்கா கம்பளியை மடிக்க ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலை.

அக்டோபர் 17, வெள்ளி

தூறல். கடிதத்தை வாங்கிய பஞ்சாயத்து ஆபீஸிலிருந்து ஓனருக்கு போன் போயிருக்கிறது. பத்து மணிக்கு மேனேஜரே டிரில் மெஷினோடு நிற்கிறார்.

"போட்ட கையெழுத்த வாபஸ் வாங்கற இன்ஜினியர இப்பத்தானுங்க பாக்கறேன்."

"போட்டோ பார்த்துப் போட்டவளையும் இப்பத்தான் பார்த்திருப்பீங்க."

மேல் வரிசை முதலில். ஓரத்திலிருந்து நடுவுக்கு. கொத்தனார் செல்வம் அண்ணன் சாரத்தில் ஏறினார். முதல் துளையிலேயே செந்தண்ணீர் பீய்ச்சி அவர் முகத்தில்.

"அடேயப்பா! மூணு மாசமா அடக்கி வெச்சிருக்குதுங்க, பாவம்!"

சிரித்தேன். சிரிப்பு நிற்கவில்லை. கண்ணும் நிற்கவில்லை. மழையில் யாருக்கும் தெரிந்திருக்காது. சாயங்காலத்துக்குள் பன்னிரண்டும். எழுத்துகள் மேலெல்லாம் சிவப்புக் கோடு. இத்தனை அழகான பெயரை நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 18, சனி

வெயில்! கண்ணாடித் துண்டு முழுசாக இருக்கிறது. இரண்டு தரம் தடவிப் பார்த்தேன். சட்டை காய்ந்துவிட்டது. தைலம் இன்னும் வாங்கவில்லை.

பொறியாளர் பதிவு ஆபீஸிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வருமாம். வரட்டும். சார் இரண்டாவது கட்டடத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். ராத்திரி பத்து மணி நேரம் தூங்கினேன்.

லைனில் எல்லோரும் வீடு திரும்பியாயிற்று. வாசல் முழுக்கச் செம்மண் சேறு. புஷ்பம் அக்கா துடைப்பத்தோடு நிற்கிறார்.

"வந்துட்டியா! என்னா செவுரு இது? கால வைக்க எடமில்ல! துணிய ஒன் தலையிலயா காயப்போடுறது?"

கேட்கக் கேட்க நெஞ்சு லேசானது. வாசலோரம் ஒரு கால்வாய் வேண்டும். ஜூலையிலேயே வரைந்திருக்க வேண்டியது. டேப்பை இழுத்து ஒரு முனையை அவரிடம் கொடுத்தேன். வாங்கிப் பிடித்துக்கொண்டார். திட்டுவதை நிறுத்தவில்லை.

நாற்பத்திரண்டு அடி.