மூச்சோடு எடுத்த அளவு

மார்ச் 3, செவ்வாய்

ஐந்தரைக்கு எழுந்து பிரார்த்தனை முடித்தேன். சன்னல் திரைகளைத் துவைத்துப் போட்டேன். இந்த மாத வீட்டுக் கணக்கை எழுதி முடித்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது, என்னைத் தவிர.

மாலை பிரார்த்தனைக் கூடத்தில் ஒத்திகை. மூன்றாவது பாட்டின் நீண்ட வரியில் மறுபடியும் நடுவில் மூச்சு வாங்கிவிட்டேன். போன வாரமும் இதேதான். தொண்டையில் கோளாறு இல்லை. மூச்சை இழுத்தால் பிராவின் கீழ்ப்பட்டை விலாவை விட்டு மேலே ஏறிவிடுகிறது. ஏறியதை இறக்கிவிடலாம் என்றால் முன்னால் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால் முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு பாதி மூச்சில் பாடுகிறேன். பாதி மூச்சுக்குப் பாதி வரிதான் வரும்.

குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் ஏதோ வரப்போகிறது.

மார்ச் 6, வெள்ளி

வந்துவிட்டது. காலையில் போன் செய்தார். எப்போதும் அதிகாரமாகப் பேசுகிறவர், இன்று மிகவும் அன்பாகப் பேசினார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

"வயசாகுதும்மா, அதுல தப்பில்ல. ஆண்டு விழாவுக்கு வெண்கலம் முன்னால நின்னு பாடட்டும், நீ பின்வரிசையில சேர்ந்துக்கோ. எதுக்கும் இருபத்தோராம் தேதி ஒத்திகையில ஒரு தடவ கேட்டுட்டு முடிவு சொல்றேன்."

வெண்கலம் என்பது எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஊசி நூல் கடைக்காரி. குரலுக்காக வைத்த பெயர். நல்ல பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை.

பதினோரு வருடமாக முன்னால் நின்று பாடியிருக்கிறேன். ரேடியோவைக் கேட்டுக் கேட்டு நானே கற்றுக்கொண்ட பாட்டு. எனக்கு நாற்பத்தேழு வயது. இது வயசா? கடவுளே, இல்லை கர்வமா? பின்வரிசையில் நின்று பாடினால் உமக்குக் கேட்காதா என்ன. கேட்கும். எனக்குத்தான் கேட்காது.

மார்ச் 7, சனி

இவர் வெந்நீரில் உப்புப் போட்டு எடுத்துக்கொண்டு வந்து, தொண்டைக்கு நல்லது என்று பக்கத்திலேயே நின்றார். எங்கே பிடிக்கிறது என்று இவரிடம் எப்படிச் சொல்வது? கொப்பளித்தேன்.

மார்ச் 9, திங்கள்

நாத்தனார் வந்திருந்தாள். பஸ் கண்டக்டர். பிறருடைய வெட்கத்தையும் டிக்கெட் மாதிரி கிழித்துக் கையில் கொடுத்துவிடுகிறவள். கொடியில் துணி போடும்போது நான் தோளைக் குலுக்கி, முதுகை நெளித்து, ஒரு கையால் பின்பக்கம் இழுத்துவிடுவதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன அண்ணி, முதுகுல எறும்பா?"

சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாததை, ஈரத் துணி வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொடியடியில் நின்று சொன்னேன். அது போதாதென்று உள்ளே போய், இதற்கென்றே வைத்திருக்கும் நோட்டையும் எடுத்து வந்து காட்டினேன். எதையும் எழுதி வைக்கிறவள் நான், இதையா விடுவேன். ஒன்பது வருடத்தில் பதினான்கு பிரா. எதை எப்போது வாங்கினேன், எங்கே கடித்தது, எங்கே தொளதொளத்தது, எந்த மாதம் ஓரம் கட்டினேன் என்று வரிசையாக இருக்கும். முதலில், இரண்டு கப்புக்கும் நடுவில் உள்ள பட்டை நெஞ்சைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. கப் சிறிது போல என்று அடுத்ததில் பெரிய கப் வாங்கினேன். அது மேல்பக்கம் காலிப் பை மாதிரி மடிந்தது. மடிகிறதே என்று தோள் வாரை இறுக்கினேன். இறுக்கியதில் முதுகுப்பக்கம் மேலே ஏறிக்கொண்டது. ஏறுகிறதே என்று இன்னும் இறுக்கமானதாக வாங்கினேன்.

அவள் நின்றபடியே இரண்டு பக்கம் படித்தாள். சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. "இவ்வளவு பெரிய குற்றப்பத்திரிகை எழுதியிருக்கீங்க. ஒரு தடவையாவது கடையில யாரையாச்சும் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. பெட்டியின் பின்னால் அட்டவணை அச்சடித்திருக்கிறது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு டேப் வைத்து அளந்து, அட்டவணையில் விரலை ஓட்டிப் பார்த்து வாங்குவேன். எழுதப் படிக்க நானாகக் கற்றுக்கொண்டவள். அச்சில் இருப்பது தப்பாகாது என்று ஒரு நம்பிக்கை.

வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. அளவெடுத்து விற்கும் உள்ளாடைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். மாட்டேன் என்றேன். "பின்வரிசைதான் வசதின்னா விட்டுடலாம்," என்றாள். பொல்லாதவள்.

மார்ச் 12, வியாழன்

போய் வந்தோம். மறப்பதற்குள் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

சின்னக் கடை. தெருவைப் பார்த்த பக்கம் திரை போட்டிருக்கிறார்கள். உள்ளே அலமாரி நிறைய அட்டைப்பெட்டிகள், ஒரு தையல் மெஷின், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த அறை. அளவெடுப்பது, விற்பது, பிரித்துத் தைப்பது எல்லாம் ஒரே அம்மாள். என் வயதுதான் இருக்கும். டேப்பை மாலை மாதிரி கழுத்தில் போட்டிருந்தார்.

டேப்பை மார்புக்குக் கீழே சுற்றினார். நான் நிமிர்ந்து நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் எண்ணைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். மூச்சை விடச் சொன்னார். பிறகு இழுக்கச் சொன்னார். டேப் அவர் விரலிலிருந்து நழுவி மூன்று விரற்கடை நகர்ந்தது.

"வீட்டுலயும் இப்படித்தான் அளப்பீங்களா, மூச்ச அடக்கிக்கிட்டு?"

ஆமாம். முப்பது வருடமாக அப்படித்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அளவென்றால் ஆடாமல் அசையாமல் எடுக்க வேண்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அப்படி எடுத்த அளவுக்கு வாங்கியதைப் போட்டுக்கொண்டுதான் பாடப் போயிருக்கிறேன்!

பிறகு கண்ணாடிப் பக்கம் திருப்பி விவரமாகச் சொன்னார். என் நெஞ்செலும்பு நடுவில் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிறதாம். மேலே ஒடுக்கம். கீழ்விலா இரண்டு பக்கமும் வெளியே விரிந்திருக்கிறது, கவிழ்த்து வைத்த புனல் மாதிரி. அந்தச் சரிவில் இறுக்கமான பட்டை எப்படி நிற்கும்? மூச்சில் விலா இன்னும் விரிந்ததும், ஒடுங்கின இடத்தைத் தேடி மேலே ஓடிவிடும்.

ஏதாவது வியாதியா என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"மூக்கு ஆளுக்கு ஒரு மாதிரி இல்லையா, அது போலத்தான். ஒரே சுத்தளவுல பத்து பேர் வந்தா பத்து மாதிரி நெஞ்சு. டேப்புக்கு சுத்தி வரத்தான் தெரியும், மேடு பள்ளம் தெரியாது. உங்களுக்கு நடுப்பட்டை நெஞ்சத் தொடவே வேண்டாம். அது தொடணும்னுதான நீங்க கப்ப பெருசாக்கிக்கிட்டே போனீங்க?"

நோட்டில் பதினான்கு வரி. பதினான்குக்கும் ஒரே பதில்.

கம்பி இல்லாதது, நடுவில் தாழ்ந்தது, கீழ்ப்பட்டை அகலமாகவும் மெத்தென்றும் உள்ளது என்று நாலைந்து எடுத்து வந்தார். ஒவ்வொன்றையும் போட்டதும், "இப்ப பாடுங்க," என்றார். எனக்கு வெட்கம். முணுமுணுத்தேன். திரைக்கு வெளியிலிருந்து நாத்தனார், "டிக்கெட் வாங்காதவங்க மாதிரி பதுங்காதீங்க, சத்தமா," என்றாள். பாடினேன். முதலாவது ஏறியது. இரண்டாவது கொஞ்சம் ஏறியது. மூன்றாவதில் நீண்ட வரியின் கடைசி வரை போனேன். பட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. வெளியே கடையில் பேச்சுச் சத்தமே இல்லை. யார் யார் கேட்டார்களோ.

இதுவரை 34, கப் டி. இனி 36, கப் பி. முன்பக்கம் கீழ்ப்பட்டையை விலா விரியும் இடத்தில் வளைத்துத் தைத்துத் தருகிறேன் என்றார். செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 13, வெள்ளி

பிரார்த்தனையில் மனம் ஒட்டவில்லை. பதினான்கு துணியைக் குற்றம் சொல்லி எழுதினேன். உள்ளுக்குள் என் உடம்பையும், அதைப் படைத்தவரையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் எழுதவில்லை. இன்று மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

வாங்கி வந்து போட்டுக்கொண்டேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பெருக்கினேன். பரணிலிருந்து பெட்டி இறக்கினேன். சாயங்காலம் வரை இழுத்துவிட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. நினைப்பு வரவில்லை என்பதே இரவுச் சமையலின்போதுதான் நினைவுக்கு வந்தது.

இவர் தட்டைப் பார்த்தபடி, நிமிர்ந்து நடக்கிறாயே, என்ன விசேஷம் என்றார். சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"இத்தன வருஷமா வலிச்சுதா? என்கிட்ட சொல்லவே இல்ல."

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

தட்டிலிருந்து கையை எடுத்தார். "வெந்நீர் போட்டிருப்பேன்," என்றார்.

மனிதர் பொய் சொல்லத் தெரியாதவர்.

மார்ச் 20, வெள்ளி

நாளை. துணி சரியாகிவிட்டது. இத்தனை வருடம் பாதி மூச்சில் பாடிய பழக்கம் போய்விட்டதா? துணி மடித்துக்கொண்டே பாடிப் பார்த்தேன். பழக்க தோஷம், முழங்கை தானாகவே இடுப்பில் ஒட்டுகிறது.

மார்ச் 21, சனி

வெண்கலம் முதலில் பாடினாள். குரலில் குறையே இல்லை. என் முறை வந்தது. முழங்கையை ஒட்டாமல் இருக்க இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டேன். மூச்சை இழுத்தேன். விலா விரிந்தது. விரியட்டும் என்று விட்டேன்.

அந்த வரி முடிந்த பிறகும் மூச்சு மிச்சம் இருந்தது. இன்னும் ஒரு சுற்றுப் போனேன். அது பாட்டில் இல்லை; மேளக்காரர் தடுமாறிவிட்டார்.

தலைவி கண்ணாடியைக் கழற்றவில்லை. "முன்னால நீயே நில்லு," என்றார். மாத்திரை ஏதாவது மாற்றினாயா என்று தனியாகக் கேட்டார். மாற்றியதைச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடை எந்தத் தெரு என்று கேட்டார்.

வெண்கலத்தின் முகத்தைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாடா. பதினஞ்சு நாளா, அக்கா, முன்னால நிக்கணுமேன்னு தூக்கமே இல்ல."

மார்ச் 22, ஞாயிறு

விழா. பாடினேன். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 4, சனி

பத்து நாளுக்கு மேல் எழுதவில்லை. எழுத ஒன்றும் நடக்கவில்லை, நிம்மதியாகத்தான் இருந்தேன்.

இன்று காலை துணி உலர்த்திவிட்டு வரும்போது கதவைத் தட்டினார்கள். கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நர்ஸ் பெண். இரவு வேலை முடித்து அப்போதுதான் படுத்தாளாம். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்கம்மா. நல்லாத்தான் பாடுறீங்க. காலையில மட்டும் கொஞ்சம் மெதுவா பாட முடியுமா?"

பாடிக்கொண்டிருந்தேன் என்றே எனக்குத் தெரியாது. பாவம், தூக்கம் கெட்டிருக்கிறது. உடனே மன்னிப்புக் கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு வந்து, யாரும் பார்க்காமல், நன்றாகச் சிரித்தேன்.