இனிப்பிலை என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டு நீர்முனை அரசியார்க்கு எழுதிய ஓலை

மலை இரண்டும் நிலைத்து நிற்க. மழை பருவம் தவறாது பொழிக. செம்பாறை நாட்டின் கோமகனும், கணவாய்களைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை பூண்டவரும், பகைவர்க்கு நெடுவேலும் குடிகளுக்கு நெடுநிழலும் ஆகியவருமான மன்னர் நெடுவேட்டர் திருவாணையால், அவர்தம் பேரமைச்சன் வழுதூர் கிழான் இளவெயினன் எழுதும் ஓலை. கடல்சூழ் நீர்முனை நாட்டைத் தனிக்கோல் செலுத்தி ஆள்பவரும், முத்துத் துறைகளின் தலைவியும், எங்கள் இளவரசி வேண்மாளுக்கு மாமியாராக வரவிருப்பவருமாகிய பேரரசி பூதவல்லி தேவியார் திருமுன் இது படிக்கப்படுக. தங்கள் துறைகளில் கலம் குறையாதிருக்க. தங்கள் மைந்தர் இளவரசர் கடலாடியார் நீடு வாழ்க.

இங்கு யாவரும் நலம் என்று எழுதுவதே முறை. அடியேனும் அவ்வாறே தொடங்கினேன். எழுத்தாணி அச்சொல்லில் நின்றுவிட்டது. மன்னர்க்கு நலமில்லை, எங்கள் தேவி அரும்பாவையார்க்கு உறக்கமில்லை, அடியேனுக்கோ எதுவும் விளங்கவில்லை.

திருமண நாள் குறித்துத் தாங்கள் விடுத்த திருமுகம் யானைமேல் ஏற்றி வரவேற்கப்பட்டு அவையில் படிக்கப்பட்டது. அதே கயிற்றில் விரல் நீளச் சிற்றோலை ஒன்றும் கட்டப்பட்டிருந்தது. இன்னார்க்கு என்ற பெயரோ முத்திரையோ அதில் இல்லை. 'இனிப்பிலையெனில் மணமில்லை' என்ற ஒரே வரி மட்டும் தங்கள் திருக்கையால் எழுதப்பட்டிருந்தது. அவ்வரி வந்த நாள்முதல் எங்கள் அவை அவையாக இல்லை. அதன் பொருள் யாது எனப் பணிந்து கேட்கவே இவ்வோலை.

ஒரு வரிக்காக இத்தனை கலக்கம் ஏன் எனத் தாங்கள் வியக்கக்கூடும். மணத்தின் முன்னாளில் பெண்ணின் தாய் தன் வீட்டு அடுப்பில், மேலும் கீழும் தணலிட்டு, மடைப்பள்ளியாரின் கை படாமல் தானே உறவப்பம் சுட வேண்டும் என்பதும், பெண்ணின் தந்தை அதில் முதல் துண்டை அவையறிய உண்டபின் மறுதுண்டை மணமகன் தாயார் உண்ண வேண்டும் என்பதும், அப்பம் இனித்தால்தான் உறவு இனிக்கும் என்பதும் இரு நாட்டுக்கும் பொதுவான வழக்கம். எங்கள் இடர் அந்த முதல் துண்டில் இருக்கிறது. இதுவரை அயலார் எவர்க்கும் சொல்லாத செய்தியைச் சம்பந்தி என்ற உரிமையால் தங்களுக்குச் சொல்கிறேன். எம் மன்னர் நீரிழிவு நோயுற்றிருக்கிறார். வேட்டையில் காலில் தைத்த முள்ளின் புண் மூன்று திங்களாக ஆறவில்லை. இனி ஒரு வாய் இனிப்பும் உள்ளே போகலாகாது, போனால் கால் போகும், காலோடு உயிரும் போகலாம் என்று அரண்மனை வைத்தியர் அரங்கன் சாத்தனார் முகத்துக்கு நேரே கூறிவிட்டார்.

அவர் கூறிய முறையிலேயே எங்கள் குழப்பம் தொடங்கிற்று. 'மன்னர்க்குச் சர்க்கரை உண்டு' என்று அவர் மடைப்பள்ளிக்கும் சொல்லி அனுப்ப, அதனை அனுமதி என்று கொண்ட மடைப்பள்ளித் தலைவர் அன்று மாலையே ஒரு பானை பாயசம் அனுப்பிவைத்தார். நல்வேளையாகத் தேவியார் அதனைத் தடுத்தார்.

இதன்பின் தேவியார், மன்னர் உயிரும் மகள் மணமும் ஒருங்கே பிழைக்குமாறு, சர்க்கரை இல்லாமல் இனிக்கும் அப்பம் சுடுவேன் எனச் சூளுரைத்தார். இடுவது எதுவாயினும் மண்ணில் விளைந்த இயற்கைப் பொருளாக இருக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டார். இயற்கை என்ற சொல்லைக் கேட்டதும் ஊரில் உள்ளோர் எல்லாம் அறிவுரை கூற வந்துவிட்டனர். கருப்பட்டி கெடுதல் செய்யாது என்றார் ஒருவர். மலைத்தேன் மருந்தே அன்றோ என்றார் மற்றொருவர். பேரீச்சை பாலைவன மன்னர்கள் உண்பது என்றார் இன்னொருவர். வைத்தியரோ, மூன்றும் சர்க்கரையின் உடன்பிறப்புகளே, சட்டை மாற்றி வந்தாலும் குருதியில் ஒரே வேலையைத்தான் செய்யும் என்று சினந்தார். எட்டிக்காயும் இயற்கைதானே, அதையும் இடலாமா என்று அடியேனும் கேட்டுவைத்தேன். தேவியார் அன்றுமுதல் என்னோடு சரிவரப் பேசுவதில்லை.

அடுத்து அதிமதுரம் வந்தது. அப்பம் இனித்தது, ஆனால் கஷாயம்போல் இனித்தது. மன்னர்க்குக் குருதிக் கொதிப்பும் இருப்பதால் அது கூடாதென வைத்தியர் விலக்கினார். பின்னர் மலைச்சாரலில் விளையும் இனிப்பிலை வந்தது. ஒரு தழையை மென்றாலே நெடுநேரம் நா தித்திக்கும் அவ்விலையைத் தேவியார் சர்க்கரைக்கு ஈடாக அதே நாழியால் அளந்து இட்டுவிட்டார். அன்று அப்பத்தைத் தின்றவர் முகங்களைத் தாங்கள் கண்டிருக்க வேண்டும். அளவு மிஞ்சினால் அவ்விலை வேம்பாகிவிடுகிறது. மறுநாள் ஒரு சிட்டிகை இட்டார்; இனிப்பு அமைந்தது, அப்பமோ தட்டையாக அமர்ந்துவிட்டது. சர்க்கரை இனிப்பதோடு நில்லாமல் அப்பத்தைத் தாங்கியும், ஈரம் காத்தும், மேற்புறத்தைப் பொன்னிறமாக்கியும் வந்திருக்கிறது என்பதை அது இல்லாதபோதுதான் அறிந்தோம். இனிப்பிலை இட்டுச் சுட்ட அப்பம் நோயாளியின் முகம்போல் வெளுத்து, வாசனையற்று இருந்தது.

இந்நிலையில் கீழைக் கடல் வணிகர் ஒருவர் குளிர்ச்சீனி என ஒன்றைக் கொணர்ந்தார். பழச்சாற்றைப் புளிக்கவைத்து எடுப்பதாம். உப்புப்போல் வெண்மணியாக இருக்கிறது. நாவில் இட்டால் பனிபட்டதுபோல் குளிர்கிறது. குருதியில் சர்க்கரையாகாமல் வெளியேறிவிடும் என்று வைத்தியரும் தயக்கத்தோடு தலையசைத்தார். அப்பம் எழுந்தது; ஆறியபின்னரோ மணல்போல் நெறுநெறுத்தது. அளவோடு உண்க என வணிகர் எச்சரித்திருந்தும், படைத்தலைவர் மருதன் காரியார் ஒரு தட்டு முழுவதையும் உண்டுவிட்டு, அவை நடுவே வயிறு முழங்க எழுந்து ஓடினார். இத்தனைக்கும் பிறகு, கோதுமை மாவும் வயிற்றில் சர்க்கரையாகவே மாறும் என்று வைத்தியர் சொன்னார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, எவரும் கேட்கவில்லை என்றார். அடியேன் என் தலைப்பாகையைக் கழற்றித் தரையில் எறிந்தது அப்போதுதான்.

தேவியார் மாவையும் மாற்றி, அரைத்த வாதுமையில் அப்பம் சுடத் தொடங்கிய வேளையில்தான் தங்கள் சிற்றோலை வந்து சேர்ந்தது. இனிப்பு இல்லையெனில் திருமணம் இல்லை என்பதே அதன் பொருள், இது மிரட்டல் என்றார் படைத்தலைவர். வேல்களைத் தீட்டவும் ஆணையிட்டுவிட்டார். இனிப்பு இலையை இட்டால் திருமணம் இல்லை என்பதே பொருள், நம் அடுப்படியில் நீர்முனை ஒற்றர் உளர் என்றார் ஒற்றர் தலைவர். பாத்திரம் துலக்குவோர் அனைவரையும் விசாரித்து வருகிறார். தேவியார் மட்டும் ஓலையை வாங்கி நெடுநேரம் நோக்கி, இது தாய்க்குத் தாய் எழுதிய அடுப்படிக் குறிப்பு, இனிப்பு இலையால் சுட்டால் அப்பத்தில் நறுமணம் ஏறாது என்றே சம்பந்தியார் சொல்கிறார், நானும் அதைத்தானே கண்டேன் என்றார். அடியேனுக்கு மூன்றும் சரி என்றே படுகிறது. ஓலையில் சொற்களைப் பிரிக்க இடைவெளி விடும் வழக்கம் இல்லாமையால் ஒரு நாடே இடையில் அகப்பட்டு விழிக்கிறது.

இவ்விவாதம் நிகழும்போது மன்னர் எழுந்தார். ஒரு துண்டு சர்க்கரை அப்பத்துக்கு அஞ்சி மகள் வாழ்வைக் கெடுத்தான் என்ற பேர் தமக்கு வேண்டாம், பழைய முறைப்படியே சுடுக என்றும், தாம் உண்பதாகவும் அறிவித்தார். அப்போது இளவரசி திரைக்குப் பின்னிருந்து முறைமை பாராது வெளிவந்து, தந்தை அத்துண்டை வாயில் வைத்தால் தாம் மணையில் அமரப் போவதில்லை என்றும், கடலாடியாரிடம் தமக்கு எக்குறையும் இல்லை என்றும், தாரை வார்க்கும் கை நடுங்குவதைக் கண்டுகொண்டு மாலை சூட இயலாது என்றும் கூறினார். தந்தை உண்பேன் என்கிறார், மகள் அமரேன் என்கிறார். இருவரும் இன்றுவரை பேசிக்கொள்ளவில்லை. இருவர்க்குமாகப் பேசி அடியேன் தொண்டை வற்றிவிட்டது.

ஆதலின் தங்களிடம் வேண்டுவது ஒன்றே. இவ்வோலையோடு எங்கள் தேவியார் நேற்றுச் சுட்ட அப்பம் ஒன்றை வாழைச்சருகில் பொதிந்து அனுப்புகிறோம். வாதுமை மாவில், குளிர்ச்சீனியை நன்கு பொடித்து, வழக்கமான சர்க்கரை அளவில் பாதியும், இனிப்பிலையைச் சிட்டிகையும் கலந்து, நெய்யைச் சிவக்க உருக்கி, ஏலமும் பட்டையும் கூட்டிச் சுட்டது. மேற்புறம் சற்றே சிவந்திருக்கிறது. இனிக்கிறதா என்று அடியேனைக் கேளாதீர். இத்தனை நாள் சுவை பார்த்ததில் என் நா மோரையும் பாகையும் ஒன்றாகவே அறிகிறது. தாங்கள் உண்டு பார்த்து, இது உறவப்பம் ஆகுமா ஆகாதா என்பதை ஒரு பொருளே தரும் ஒரு சொல்லால் எழுதியருள்க. அச்சொல் வரும்வரை வேல் தீட்டலாகாது என்று படைத்தலைவர்க்கும், எவரையும் விசாரிக்கலாகாது என்று ஒற்றர் தலைவர்க்கும் மன்னர் பேரால் ஆணையிட்டுள்ளேன். ஓலை கொண்டுவரும் தூதர் தங்கள் மறுமொழி பெறாமல் திரும்பலாகாது என்பதும் ஆணை.

மன்னர் திருமுன் படித்துக் காட்டி ஒப்பம் பெற்று, அரக்கில் ஒட்டி இரட்டை மலை முத்திரை இட இருந்தது. கேட்டு முடித்த மன்னர் அடியேனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, எழுத்தாணியைத் தாமே வாங்கிக் கீழுள்ள வரிகளை எழுதினார். அவற்றைத் திருத்தும் உரிமை எனக்கில்லை.

சம்பந்தி அம்மையே, சர்க்கரை அப்பம் உண்பேன் என்று அவையில் சொன்னது வீம்பு. எனக்குச் சாக அச்சமாக இருக்கிறது. என் மகள் உங்கள் வீட்டில் பிள்ளை பெற்றுத் தூக்கி வரும் நாளில் நான் வாசலுக்கு நடந்து வந்து வாங்க வேண்டும். இந்த அப்பம் இனிக்காவிட்டாலும் இனிக்கிறது என்று எழுதிவிடுங்கள்.